சோடியம் பேட்டரியும் பெரியத்தையின் குறியும்

என்னிடம் இருக்கும் சட்டைகளைவிட டார்ச்லைட்டுகள் அதிகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெலுக் இந்தானில் என் தங்கையின் புகுந்த வீட்டுக்காரர்கள் யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட இது கொஞ்சம் மரியாதையாக இருக்கும்.

மற்ற ஆண்கள் மீன் பிடிக்கப் போகிறார்கள். பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் டார்ச்லைட் வாங்குகிறேன். சமையலறையில் ஒன்று, குளியலறையில் ஒன்று, காரில் இரண்டு, தலையணைக்கு அடியில் ஒன்று. என் அப்பாவும் நெற்றியில் விளக்கு கட்டியவர்தான். ஆனால் அவர் பொழுது விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனவர், அவருக்கு அது தேவை. எனக்கு இருப்பது வியாதி. ஈப்போவில் நான் மேற்பார்வை பார்க்கும் கிடங்கில் பகலிலும் விளக்கெரிகிறது. சிம்பாங் பூலாயில் எங்கள் தாமான் குடியிருப்பில் வீட்டு வாசலுக்கு நேராகத் தெருவிளக்கு நிற்கிறது. இருட்டு என்று ஒன்று என் வாழ்க்கையில் கிடையவே கிடையாது. (உள்ளத்தில் உண்டு. அதற்கு இன்னும் டார்ச் வரவில்லை.)

இந்த வியாதி முற்றியவர்களுக்கு ஒரு கட்டத்தில் டார்ச் அலுத்துப்போய் பேட்டரி மேல் பித்துப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. கடையில் வாங்கிப் போட்டு, தீர்ந்ததும் குப்பையில் எறியும் பேட்டரி ஒரு காலம். ரேடியோவிலும் பொம்மையிலும் போட்டு மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றிய நிக்கல் பேட்டரி ஒரு காலம். அப்புறம் லித்தியம் வந்தது. சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் தடிமனான ஒரு உருளை, அதைப் போட்டால் கையடக்க டார்ச் ஒன்று எதிர்த்த மலைச்சுவரைத் தொடுகிறது. இப்போது சோடியம் வந்திருக்கிறது, அதாவது சமையல் உப்பில் இருக்கும் அதே சோடியம். இதையெல்லாம் கல்யாண வீடு, கருமாதி வீடு என்று பார்க்காமல் கிடைத்தவரிடமெல்லாம் விளக்கிச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் கழிப்பறைக்குப் போய்விட்டு வேறு வாசல் வழியாக வெளியேறியிருக்கிறார்கள். கடைசிவரை உட்கார்ந்திருந்தது என் தங்கை மாலினி மட்டும்தான். அவளும் கேட்டாளா என்பது வேறு விஷயம். யூனிபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டோ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டோ "ம்" என்பாள். நான் மூச்சு வாங்கும் இடங்களில் சரியாக "ம்" விழும்.

மாலினி தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் தாதி. எங்கள் ஊர்ப்பக்கம் யாரையாவது பைத்தியம் என்று சொல்ல வேண்டுமானால் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும். அதனாலேயே அவளுக்கு வந்த வரன்கள் வேலை செய்யும் இடத்தைக் கேட்டதும் ஒரு மாதிரி சிரித்துவிட்டுப் போனார்கள். ஜாதகம் சரியில்லை என்று ஒருவர், வயது கூடிவிட்டது என்று இன்னொருவர் சொல்லிவிட்டார். வயது முப்பதைத் தாண்டிய பிறகு வரன் வருவதே நின்றுபோயிருந்தது. அம்மா கோயிலுக்குப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டார். அங்கே யாராவது "மவளுக்கு இன்னும் ஒன்னும் அமையலையா?" என்று கேட்டுவிடுவார்கள். அந்த நிலைமையில்தான் பாலன் வந்தார். தெலுக் இந்தானில் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் வேலை, அமைதியான மனிதர். மாலினியிடம் வேலையைப் பற்றிக் கேட்டபோது சிரிக்கவில்லை. அவள் அவரைப் பற்றி வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இஸ்திரி போடும்போது பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள். அம்மாவும் நானும் அதைக் கேட்டும் கேட்காததுபோல் இருந்தோம்.

ஒரே ஒரு தடை இருந்தது, அதுதான் பெரியத்தை. பாலனுடைய அப்பாவின் அக்கா. அவர்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சாமி வந்து ஆடுபவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயத்து வீடுகள் காலியாகி, ஆட்கள் டவுனுக்கு வந்த பிறகும் அம்மன் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அந்தக் குடும்பத்தில் கார் வாங்குவதாக இருந்தாலும் பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பதென்றாலும் பெரியத்தை குறி பார்த்துச் சொல்ல வேண்டும். பூ விழுவதைப் பார்ப்பார், பல்லி சத்தம் கேட்பார். எங்கள் விஷயத்தில் பூ நல்ல பக்கமாகத்தான் விழுந்திருக்கிறது. இருந்தாலும் பரிசத்துக்கு நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவாகச் சொல்வேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பரிசத்துக்கு ஒரு வாரம் முன்னால் அம்மா என் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே என் பழைய பவர் பேங்க் பூரி மாதிரி உப்பிக் கிடந்தது. வீட்டில் நல்ல காரியம் நடக்கும்போது தீப்பிடித்தால் அதோடு மாலினியின் வாழ்க்கை முடிந்தது, இந்த எழவெடுத்த சாமான்களை எல்லாம் வெளியே கொண்டுபோய் எறி என்று ஒரே அழுகை. அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் பொறுப்புள்ள அண்ணனாக ஒரு காரியம் செய்தேன். (இந்த இடத்தில் என்னை யாராவது அறைந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.) எல்லா டார்ச்சிலிருந்தும் லித்தியத்தைக் கழற்றிவிட்டு, சுலபத்தில் தீப்பிடிக்காது என்று நான் படித்திருந்த சோடியம் பேட்டரிகளை வாங்கிப் போட்டேன்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பயப்படாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுவேன். லித்தியம் பேட்டரி மூன்று வோல்ட்டுக்கு இறங்கினால் கிட்டத்தட்ட காலி என்று அர்த்தம். அதற்குமேல் உறிஞ்சினால் கெட்டுவிடும் என்பதால் டார்ச் அந்த இடத்தில் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். சோடியம் அப்படியில்லை. மூன்று வோல்ட்டில் அதற்கு இன்னும் பாதி வயிறு நிறைந்திருக்கும். ஆனால் லித்தியத்துக்கென்று செய்த டார்ச்சுக்கு அது தெரியாது, காலி என்று நினைத்து அணைத்துவிடும். கொஞ்ச நேரம் விட்டால் வோல்ட் மெல்ல ஏறும், மறுபடி எரியும், மறுபடி அணையும். வெளிச்சத்தைக் கூட்டி வைத்தால் சீக்கிரம் அணையும், குறைத்து வைத்தால் அணையாமல் நிற்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். மாலினியிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன். முழு சார்ஜில் ஒவ்வொரு டார்ச்சையும் சில நிமிடம் எரியவிட்டுப் பார்த்தேன், ஜெகஜ்ஜோதியாக எரிந்தன. அந்தப் பூரிப்பில் தெரிந்த விஷயம் மண்டையைவிட்டுப் போய்விட்டது.

பரிசத்தன்று சாயங்காலம் மழை கொட்டியது. மாப்பிள்ளை வீட்டு வேன் வழியில் மாட்டிக்கொண்டு, வரும்போது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஹாலில் பட்டுத்துணியும் பிளாஸ்டிக் பூவுமாக அலங்காரம், அதன் முன்னால் குத்துவிளக்கு, வரிசையாகச் சீர்த்தட்டுகள். பெரியத்தை மஞ்சள் சேலையில் வந்து நடுவில் உட்கார்ந்தார். மாலினியைப் பக்கத்தில் உட்கார வைத்து முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அம்மாவின் தோள் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. சம்பந்தி தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்தார். மலைப்பக்கம் பெரிய இடி ஒன்று விழுந்தது, கரண்ட் போய்விட்டது.

எல்லாரும் "அலாமாக்" என்றார்கள். நான் மட்டும் மனதுக்குள் சிரித்தேன். ஒரு மனிதன் வாழ்நாள் பூராவும் ஒரே ஒரு இருட்டுக்காகக் காத்திருந்து, அது அவன் வீட்டு ஹாலுக்கே வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிலர் கைப்பேசி விளக்கைப் போட்டார்கள். கண் கூசும், போட்டோவில் முகம் பேய் மாதிரி விழும் என்று சொல்லி நான்தான் அணைக்கச் சொன்னேன். குத்துவிளக்கு போதும் என்றார் அம்மா. காற்று அடிக்கிறது, பக்கத்திலேயே துணி தொங்குகிறது என்று அதையும் மூலைக்குத் தள்ளிவைத்தேன். பிறகு என் டார்ச்சுகளை ஒவ்வொன்றாக, கூரையைப் பார்க்க நிமிர்த்தி வைத்து, எல்லாவற்றையும் பெரிய வெளிச்சத்தில் போட்டேன். வெளிச்சம் கூரையில் பட்டு ஹால் முழுக்க இறங்கியது. கல்யாண மண்டபத்தில்கூட அப்படி ஒரு வெளிச்சம் இருக்காது. பகல் மாதிரி இருக்குலா என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ சொன்னார்கள். சம்பந்தி கையிலிருந்த தட்டோடு திரும்பி, இது என்ன பேட்டரி என்று கேட்டார்.

அவர் மரியாதைக்குக் கேட்டார். நான் பதில் சொன்னேன். நிக்கலிலிருந்து ஆரம்பித்தேன். உப்பு, கடல், உலகத்தின் எதிர்காலம் என்று வெகுதூரம் போய்விட்டேன். சித்தப்பா என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார், நான் அதை ஊக்கம் என்று எடுத்துக்கொண்டேன். தலைகுனிந்து உட்கார்ந்திருந்த மாலினி நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் டார்ச்சுகள் பெரிய வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தன.

கடைசியில் சம்பந்தி தட்டை நீட்டி, பரிசச் சொல்லைச் சொல்ல ஆரம்பித்தார். மூன்று முறை சொல்ல வேண்டும். மூன்றாவது முறை முடிந்து தட்டு கைமாறினால் பேச்சு முடிந்தது, பெண் அவர்கள் வீட்டுப் பெண்.

"பரிசம் ஒங்களுக்கு, பொண்ணு எங்களுக்கு" என்றார்.

'பொண்ணு' என்ற சொல்லில் முதல் டார்ச் அணைந்தது. எல்லாம் ஒரே நாளில் வாங்கியவை, ஒன்றாகச் சார்ஜ் ஏற்றியவை, ஒரே வெளிச்சத்தில் வைத்தவை. ஆகவே வரிசையில் நின்று ஒவ்வொன்றாகச் செத்தன. சம்பந்தி 'எங்களுக்கு' என்று முடிக்கும்போது ஹால் கும்மிருட்டாகக் கிடந்தது.

 வெளியே மழை சத்தம் மட்டும் கேட்டது. பரிசம் போடும் நேரத்தில் விளக்கு அணைந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அம்மா தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டார், அப்பா போன அன்று போட்ட அதே சத்தம். நான் பக்கத்திலிருந்த டார்ச்சை எடுத்துத் தட்டினேன். அது அணைந்தபின் கொஞ்ச நேரம் சும்மா கிடந்ததில் வோல்ட் ஏறியிருந்ததால் பளிச்சென்று எரிந்தது. எல்லாரும் மூச்சு விட்டார்கள். சம்பந்தி அவசரமாக இரண்டாவது முறை சொல்லத் தொடங்கினார். பரிசம் வரைக்கும் எரிந்தது, பொண்ணு வந்ததும் அணைந்தது.

"யாரும் பேசாதீங்க" என்றார் பெரியத்தை.

அந்தக் குரலில் சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். யாரோ கைப்பேசியை எடுக்கப்போக, அதை வை என்று அதட்டினார் பெரியத்தை. பிறகு என் பக்கம் திரும்பி, இது என்ன என்று கேட்டார். நானும் நம்பிக்கையோடு விளக்கினேன். அப்போதும் எனக்கு உண்மை மேல் நம்பிக்கை இருந்தது.

"அத்தே, இது கெட்ட சகுனம் இல்லீங்க. பேட்டரில இன்னும் பாதி கரண்ட் இருக்கு. மூணு வோல்ட்டுக்கு எறங்குனா டார்ச்சு தானா கட் பண்ணிரும். இது சோடியம், ஆனா அதுக்கு அது தெரியாது."

"எதுக்குத் தெரியாது?"

"டார்ச்சுக்கு."

"தெரியாதத எதுக்குலா நல்ல காரியத்துக்குக் கொண்டாந்த?"

நான் டார்ச்சை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

பெரியத்தைக்கு ஒன்று மட்டும் புரிந்திருந்தது. அந்த டார்ச் ஒன்று எரியும், இல்லாவிட்டால் அணையும். குறி கேட்கப் பூவைவிட அது வசதி. டார்ச்சை உயரப் பிடிக்கச் சொன்னார். இந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வரலாமா என்று அம்மனைக் கேட்டுவிட்டு, இப்போது போடு என்றார்.

எனக்கு அப்போது புத்தி வந்தது. வெளிச்சத்தைக் குறைத்தால் அணையாது. அந்த டார்ச்சில் பொத்தானை அமுக்கிப் பிடித்தால் சின்ன வெளிச்சம் வரும், ஒரு தட்டு தட்டினால் பெரிய வெளிச்சம், மூன்று தட்டினால் கொள்ளைக்காரனைக் குருடாக்குவதற்கென்று படபடவென வெட்டி வெட்டி அடிக்கும். அமுக்கிப் பிடித்தால் போதும், குழந்தைகூடச் செய்யும். என் கட்டைவிரல் நடுங்கியது. ஒரு நடுக்கம் ஒரு தட்டு என்று கணக்கானது.

நான் டார்ச்சை நீட்டிய திசையில் பெரியத்தையின் முகம் இருந்தது. மின்னல் வெட்டுவதுபோல் ஹால் முழுக்க வெளிச்சம் வெட்டி வெட்டி விழுந்தது. ஒரு வெட்டில் அவர் கண்ணை விரித்தார், அடுத்த வெட்டில் கூந்தல் அவிழ்ந்திருந்தது, அதற்கடுத்த வெட்டில் எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்தார். சாமி வந்துவிட்டது. யாரோ கற்பூரம் கேட்டார்கள். சித்தப்பா தரையில் விழுந்தார். சீர்த்தட்டிலிருந்து ஆப்பிள்கள் உருண்டோடின. நான் அணைப்பதற்காகப் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தேன், ஒவ்வொரு தட்டுக்கும் அது இன்னும் வேகமாக வெட்டியது. பிறகு அதுவும் மூன்று வோல்ட்டுக்கு இறங்கி, தானாக அணைந்தது.

இருட்டில் பெரியத்தை மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. மூலையில் குத்துவிளக்கு மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் எரிந்துகொண்டிருந்தது. என் வெளிச்சத்தைப் பார்த்துக் கூசிப்போன கண்களுக்கு அது ஒரு பொட்டாகத்தான் தெரிந்தது. அந்தப் பொட்டில் மாலினியின் முகத்தைப் பார்த்தேன். அவள் அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. இதுவும் போய்விட்டது என்று தெரிந்தவள் எப்படி உட்கார்ந்திருப்பாளோ அப்படி உட்கார்ந்திருந்தாள். அந்த நிமிடம் பூமி பிளந்து என்னையும் என் பேட்டரிகளையும் விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

பெரியத்தை என் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு மாலினி பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். மாலினி பயந்துபோய் அவர் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். (அப்படித்தான் நான் நினைத்தேன்.) மறுபடியும் அதே கேள்வியை அம்மனின் குரலில் கேட்டார் பெரியத்தை. டார்ச் எரிந்தது. மங்கலாக, சாமியறை பல்பு போல ஒரு சின்ன வெளிச்சம். எல்லாரும் அது அணைவதற்காகக் காத்திருந்தோம். அது அணையவில்லை. சம்பந்தி நடுங்கும் குரலில் மூன்றாவது முறையும் சொல்லி முடித்தார், தட்டு கைமாறியது, அப்போதும் அணையவில்லை. அம்மா வாய்விட்டு அழுதார்.

சாமி மலையேறுவதற்கு முன் தீர்ப்புச் சொன்னது. "வூட்டு வெளக்கு எரிஞ்சிச்சு, பொண்ணு வரலாம். இவன் வெளக்கு அணைஞ்சிச்சு. இவன் கை நெருப்புக்கிட்டயும் வெளக்குக்கிட்டயும் வரக் கூடாது."

கல்யாணம் சில மாதம் கழித்து ஈப்போவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்கள் வழக்கத்தில் ஓமத்தின் முன்னால் பெண்ணின் கையில் பொரி போடுவது அண்ணன் தம்பியின் உரிமை. அப்பா இல்லாத வீட்டில் அந்த ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. சித்தப்பா மகன் போட்டான். என்னைக் கார் நிறுத்துமிடத்துக்குப் பொறுப்பாளராக நியமித்தார்கள். பாலன் முதல்நாளே போன் செய்து, "மன்னிச்சிருங்க மச்சான், அத்த பேச்ச யாரும் தட்ட முடியாது" என்று வருத்தப்பட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கெட்டிமேளம் கேட்டபோது நான் ஒரு லோரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தேன். கண் கலங்கியதில் அது பூந்தொட்டியில் இடித்தது.

அதற்குப் பிறகு நான் குடும்பத்துக்கே பொதுச்சொத்து ஆனேன். சிம்பாங் பூலாயில் எங்கே கரண்ட் போனாலும் சொந்தக்காரர்களிடமிருந்து "குணா, நீயா?" என்று செய்தி வரும். பிறந்தநாள் கேக்கில் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு யாரும் ஊதுவதில்லை. "குணா மாமாவ கிட்ட வரச் சொல்லுங்க, தானா அணைஞ்சிரும்" என்கிறார்கள். நானும் போய் நிற்கிறேன், வேறென்ன செய்வது.

இத்தோடு முடிந்திருந்தால் தேவலை. பெரியத்தை அந்த டார்ச்சைத் திருப்பித் தரவில்லை. மஞ்சள் துணியில் சுற்றித் தெலுக் இந்தானுக்குக் கொண்டுபோய்ச் சாமியறையில் வைத்துவிட்டார். பூவும் பல்லியும் ஓய்வு பெற்றன, அந்த வீட்டில் இப்போது குறி சொல்வது என் டார்ச்தான். சார்ஜ் இறங்கினால் எனக்குத்தான் போன் வரும். சோடியம் பேட்டரியைச் சாதாரண சார்ஜரில் ஏற்றக் கூடாது, அதற்கான சார்ஜர் எங்கள் சொந்தத்தில் என்னிடம் மட்டுமே இருக்கிறது. ஆகவே நான் அவ்வப்போது காரை எடுத்துக்கொண்டு சாமிக்குச் சார்ஜ் போடத் தெலுக் இந்தான் போகிறேன். விளக்குக்கிட்ட வரக் கூடாதவன் என்பதால் பேட்டரியைக் கழற்றி வாசலில் கொண்டுவந்து தருவார்கள். வராந்தாவில் உட்கார்ந்து ஏற்றிக் கொடுத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வருவேன். அந்தச் சின்ன வெளிச்சம் அன்றைக்கு எப்படி நின்றது என்று ஒவ்வொரு முறையும் யோசிப்பேன். சூட்டில் வோல்ட் ஏறியிருக்கலாம் என்று ஒரு நாள் நினைப்பேன், டார்ச்சில் கோளாறு என்று மறுநாள் நினைப்பேன். ஒரு கட்டத்தில் அம்மனாகவே இருக்கலாம் என்றுகூடத் தோன்றிவிட்டது. அறிவியல் மேல் நம்பிக்கை வைத்தவனுக்கு அதைவிடப் பெரிய தோல்வி கிடையாது.

மாலினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. போன மாதம் அதற்குக் காது குத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அந்தக் குழந்தைக்கு நான் ஒருவன்தான் தாய்மாமன். ஆனால் சடங்கில் குத்துவிளக்கு இருக்கிறது, கற்பூரம் இருக்கிறது. என் மடியா, வேறு யாராவது பங்காளி மடியா என்பதைக் குறி கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று பெரியத்தை சொல்லிவிட்டார். பொரிதான் போயிற்று, இந்த மடியாவது கிடைக்குமா என்று நானும் வேட்டி கட்டிக்கொண்டு போனேன். காரிலிருந்து இறங்கும்போதே மனதைத் தேற்றிக்கொண்டேன். டார்ச்சுக்குச் சார்ஜ் ஏற்றி வெகுநாளாகியிருந்தது. அது எப்படி நடந்துகொள்ளும் என்று உலகத்தில் என்னைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

பெரியத்தை மஞ்சள் துணியைப் பிரித்தார். அம்மனைக் கேட்டார். இந்த மாமன் மடி ஆகுமா? பொத்தானைத் தட்டினார். பளிச்சென்று எரிந்து, உடனே அணைந்தது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. நான் என் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொருவாட்டி கேளுங்க அத்தே" என்றாள் மாலினி. இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து குனிந்து, பெரியத்தையின் கைக்குத் தன் கையை ஆதரவாகக் கொடுத்தாள். இந்த முறை நல்ல பகல். அதனால் பார்த்தேன். அவளுடைய கட்டைவிரல் பெரியத்தையின் விரலுக்கு மேல் போய் உட்கார்ந்தது, பொத்தானை அமுக்கியது, விடாமல் பிடித்தது.

சின்ன வெளிச்சம் வந்தது. அது அப்படியே நின்றது.

பெரியத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டு, மாமனைக் கூப்பிடு என்றார். நான் எப்படி நடந்து போய் மணையில் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. மாலினி குழந்தையை என் மடியில் வைக்கக் குனிந்தாள்.

"அன்னிக்கும் நீயா?" என்றேன்.

"அமுக்கிப் புடிச்சா அணையாதுன்னு நீதானே அண்ணே சொல்லிக்கிட்டே இருப்ப" என்றாள். "புள்ளய கெட்டியா புடி."

பிடித்தேன். ஆசாரி காதில் குத்தியதும் குழந்தை வீடே அதிர அழுதது, என் வேட்டியையும் நனைத்தது. நானும் அதோடு சேர்ந்து அழுதேன். ஊசிக்குப் பயந்து மாமா அழுதார் என்று இப்போது அதையும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நேற்று மாலினிக்குப் போன் செய்தேன். உள்ளே திரவமே இல்லாத, கெட்டிப் பொருளால் ஆன பேட்டரி ஒன்று வரப்போகிறதாம், அதைப் பற்றி அவளிடம் ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் குழந்தை சிணுங்குகிறது, குழாயில் தண்ணீர் ஓடுகிறது, தாளிக்கும் சத்தம் கேட்கிறது. நான் மூச்சு வாங்கிய இடத்தில் அவள் "ம்" என்றாள்.